விற்றவர்

உற்பத்தியாளர் என்பவர்
கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள்
இம்மாநிலத்தில் விளைந்த ஜின்செங் வேரை
விற்றவர்.
பிரிவு இரண்டு, உட்பிரிவு ஈ.
ஒரு முற்றுப்புள்ளி. அதற்கு அப்பால்
'கொள்முதலாளர்' தொடங்கிவிடுகிறார்.

என் வேலை வாக்குச்சீட்டு அனுப்புவது.
பவுண்டுக்கு வாங்கும் தீர்வையைக் கூட்டலாமா என்று
உற்பத்தியாளர்களைக் கேட்கிறது வாரியம்.
யார் உற்பத்தியாளர் என்று
என்னைக் கேட்கிறது.

பிப்ரவரி. விஸ்கான்சின் பனி
ஜன்னலில் பாதி உயரம் ஏறியிருந்தது.
மேசையில் நூற்று முப்பத்தொரு பெயர்கள்,
எதிரே இரண்டு கட்டங்கள்.

லோதர் ஷ்ரைனர்.
கடைசிப் பாத்தியைப் போன அக்டோபரில் தோண்டி விற்றார்.
நிழல்வலைகளைச் சுருட்டி ஏலத்துக்கு விட்டார்.
ஒருமுறை ஜின்செங் விளைந்த மண்
மறுமுறை அதை ஏற்பதில்லை;
அவரிடம் புது மண்ணும் இல்லை, புது இடுப்பெலும்பு மட்டும்தான்.
இனி ஒரு விதையும் ஊன்றப்போவதில்லை.
ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பா கூ தாவ்.
குத்தகை நிலம், மூன்றரை ஏக்கர்.
விற்பனை: இல்லை.

நேரில் வந்தார். பனிக்காலணி
கம்பளத்தில் குளம் கட்டியது.
நான்காம் ஆண்டில்தானே தோண்டுவோம், என்றார்,
இது மூன்றாவது.
கல் பொறுக்கி, மேட்டுப்பாத்தி கட்டி,
விதை ஊன்றி, வைக்கோல் பரப்பி,
கம்பம் நட்டு, கறுப்பு வலை இழுத்து,
பனி கனத்துக் கிழியாதிருக்க நவம்பரில் அவிழ்த்து,
மே மாதம் மறுபடி கட்டி,
மழைக்கு மறுநாள் வேரழுகலுக்கு மருந்தடித்து,
திருடர்களுக்குப் பயந்து வேனிலேயே படுத்து,
மூன்று வருடம் —

ஒன்றுகூட முற்றவில்லை.
எல்லாம் எச்சம்.
சட்டம் வினைமுற்று கேட்கிறது.

அப்படியானால் நான் யார்?

பிரிவு இரண்டை ஒருமுறை முழுதாகப் புரட்டினேன்.
நிலம் அவருடையதல்ல, உரிமையாளர் இல்லை.
கூலி வாங்கவில்லை, தொழிலாளர் இல்லை.
உலர்த்துநர், தரகர், ஏற்றுமதியாளர்... இல்லை.
கடன் பத்திரத்தில் மட்டும் அவரை
விவசாயி என்று எழுதியிருக்கிறது வங்கி.
வெள்ளிக்கிழமை பட்டியல் முடிகிறது, என்றேன்.
அதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளி மாலை நாலரைக்கு ஒரு ரசீது வந்தது.
பொருள்: ஜின்செங் வேர், ஒன்று.
எடை: பதினோரு கிராம்.
விலை: ஒரு டாலர்.
வாங்கியவர்: லோதர் ஷ்ரைனர்.

பிற்பாடு தெரிந்தது.
வைக்கோலை விலக்கி, உறைந்த மண்ணில்
கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றி
லோதரின் கடப்பாரையால் நெம்பி எடுத்திருக்கிறார்.
சுண்டுவிரல் தடிமன்.
அதற்குள் இரண்டு கால் முளைத்த பிஞ்சு.
இதற்கு ஒரு டாலர் பகல்கொள்ளை
என்று முனகிக்கொண்டேதான்
கையெழுத்துப் போட்டாராம் கிழவர்.

இது கேலியா, என்றாள் என் மேலாளர் வாண்டா.
கேலிக்குப் பிரிவு இரண்டில் வரையறை இல்லை.
குறைந்தது எத்தனை பவுண்டு என்றும் இல்லை.
விற்றிருக்கிறார்.
ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்,
பேனா கொஞ்சம் அழுந்தியது.

அவர் எப்படி வாக்களித்தார், தெரியாது.
உறைகளில் பெயர் கிடையாது.
தீர்வை கூடியது, நான்கு வாக்கில்.

ஆனால் உற்பத்தியாளர் ஆனவர்
தீர்வை கட்டியாக வேண்டும்.
பதினோரு கிராமுக்குக் கணக்குப் போட்டால்
ஒரு சென்ட்டுக்கும் கீழே;
முழுச் சென்ட்டாக ஏற்று என்கிறது விதி.
அறிவிப்பு அனுப்பினேன். அதற்கான தபால்தலை
அதைப்போல் பல மடங்கு.

மார்ச் மாதம் பதில் வந்தது.
படிவத்தின் கீழ் மூலையில், ஒட்டுநாடாவுக்கு அடியில்
ஒரு செப்புக்காசு.
பெயருக்கு நேரே, தகுதி என்ற இடத்தில்
பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.
உற்பத்தியாளர்.
அடைப்புக்குறிக்குள்: மீதி அடுத்த வருடம்.